ஆரத்திக் கறை

ஞாயிறு மாலை நெரவி வீட்டுக்குத் திரும்பிய சிவராமன், கையிலிருந்த பழைய பேப்பர் கட்டை முதல் வேலையாகக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"புதுச்சேரி மீட்டிங் நல்லா நடந்துச்சாங்க?" என்று எட்டிப் பார்த்தாள் மனைவி தேவிகா. "செருப்பெல்லாம் ஒரே செம்மண்ணா இருக்கு?"

"அந்தப் பக்கம் செம்மண்ணுதானே? ஒன் ஃப்ரெண்டு வளைகாப்பு எப்படி?"

"ஜாம்ஜாம்னு நடந்துச்சு."

"புடவை ஓரத்துல என்ன, செவப்பா?"

"ஆரத்தித் தண்ணி கொட்டிருச்சுங்க."

சிவராமன் நிம்மதியாகக் குளிக்கப் போனார். சாயல்குடியின் செம்மணல் தேரிக்காட்டில் பூத்த அபூர்வக் கள்ளியை அவர் பறித்து வந்தது யாருக்கும் தெரியக் கூடாது. அவர் வேலை பார்க்கும் கல்லூரியில், உலர்த்திய தாவரங்களைச் சேர்த்து வைக்கும் ஹெர்பேரியத்தில் அதை முதலில் சேர்ப்பவர் பெயர்தான் பதிவேட்டில் நிற்கும்.

மூன்று வாரம் பேப்பருக்குள் அழுத்திக் காயவைத்த கள்ளியை அட்டையில் ஒட்டி, ஹெர்பேரியப் பொறுப்பாளர் சித்திக்காவிடம் நீட்டினார்.

"இதே கள்ளி காலையிலேயே ஒண்ணு வந்துருச்சே சார்!" என்று அவள் இன்னொரு அட்டையை எடுத்துக் காட்டினாள்.

அதே தேரிக்காடு. அதே ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம். லேபிளில் இடத்தையும் நாளையும் மாற்றி எழுத எந்தத் தாவரவியல்காரருக்கும் கை வராது.

'சேகரித்தவர்: பேராசிரியை தேவிகா, தாவரவியல் துறை.'

சிவராமன் திரும்பினார். அடுத்த மேசையில் தேவிகா மும்முரமாக எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்த வளைகாப்பு எங்க நடந்துச்சு?"

அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "உங்க மீட்டிங்குக்குப் பக்கத்துலதாங்க."