வெறும் நாலு

மூச்சு வாங்க, கால் வீங்கி அவசரப் பிரிவுக்கு வந்த ஏகாம்பரத்தைப் பரிசோதித்த இயந்திரம், கட்டிலுக்கு மேலே ஓர் எண்ணைப் போட்டது: நான்கு. ஒரு வாரத்துக்குள் உயிர் போக நூற்றுக்கு நான்கு வாய்ப்பு. பத்தைத் தாண்டினால்தான் அட்மிஷன். ஊசி போட்டு நீர் பிரிந்ததும் சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம் என்றார் நர்ஸ் ஜெபராணி.

மனைவி கோமளா கையெடுத்துக் கும்பிட்டாள். ஏகாம்பரத்துக்கு முகம் சுண்டிப்போனது.

"போன மாசம் என் சகலைக்குப் பத்தொம்பது போட்டீங்க. எனக்கு மட்டும் நாலா? சரியாப் பாருங்க சிஸ்டர்."

"கம்மியா இருந்தா நல்லதுதான் சார்."

"அவனை ஊரே திரண்டு வந்து பார்த்துச்சு."

அந்த நேரம் பார்த்து சகலை மாசிலாமணியே ஆப்பிள் பையுடன் வந்தார். எண்ணை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"வெறும் நாலா சகலை? இதுக்கா நான் ஆட்டோ பிடிச்சு ஓடி வந்தேன்?"

எண் ஏழானது. "எனக்கெல்லாம் பத்தொம்பது" என்று அவர் தொடங்கியதும் பன்னிரண்டானது. ஜெபராணி அவரை வெளியே அனுப்பிய பிறகுதான் மெல்ல இறங்கி நான்கில் நின்றது.

சாயங்காலம் இயந்திரம் சீட்டு கொடுத்தது. உப்பு: இரண்டு கிராம். தண்ணீர்: ஒன்றரை லிட்டர். சகலை: அறவே கூடாது.

ஏகாம்பரம் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு மெஷினுக்கே தெரிஞ்சுபோச்சு பாரு."

கோமளா மருந்துப் பையை எடுத்துக்கொண்டாள்.

"போன மாசம் அவரு சீட்டுலயும் இதே வரிதான் இருந்துச்சு, தங்கச்சி காட்டினா. நீங்க போய்ப் பார்க்கிற வரைக்கும் அவருக்கும் நாலுதானாம்."