ஷால் காலர் ஸ்வெட்டர்

"இருக்கிறதே மூணு பல்லு. அதை வச்சுக்கிட்டுச் சோறு போடுற கையையே கடிச்சீராய்யா?"

எரியோட்டில் இருக்கும் அந்தச் சின்ன கிளினிக்கின் நர்ஸ் செபாஸ்தியம்மாள் இப்படிக் கேட்டது பெரியவர் மொக்கைச்சாமியை. அவர் கிழிந்த பனியன்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் இருமிக்கொண்டிருந்தார். வாசல் வழியாக வந்த மார்கழிக் காற்று நேராக அவர்மேல்தான் விழுந்தது.

கடிபட்டவர் கிளெமென்ட். ஊருக்கு வெளியே முதியோர் இல்லம் நடத்துகிறவர். மணிக்கட்டில் கட்டியிருந்த கைக்குட்டையில் ரத்தம் காய்ந்து மொடமொடத்திருந்தது.

"காலையில கடிச்சதா? இம்புட்டு நேரம் என்ன சார் பண்ணுனீங்க?"

"ஒரு வேலை இருந்துச்சு சிஸ்டர். பாதியில விட்டுட்டு வர முடியல."

"அப்படி என்னதான் நடந்துச்சு?"

"நல்லது செஞ்சேன். அதான் நடந்துச்சு."

வெளிநாட்டில் வாழும் ஒரு குடும்பம், இல்லத்து ஆண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்வெட்டர் வாங்கப் பணம் அனுப்பியிருந்ததாம். கண்டதை வாங்கக் கூடாது, ஷால் காலர் வைத்த கார்டிகன்தான் வேண்டும் என்று படமும் அனுப்பியிருந்ததாம்.

"அப்படின்னா?"

"சால்வையைக் கழுத்துல போட்டு முன்னால தொங்க விடுவோம்ல, அந்த மாதிரி காலர் மடிஞ்சு நெஞ்சு வரைக்கும் இறங்கும் சிஸ்டர். முன்னால பட்டன். கழுத்துல காத்து புகாது."

"நம்ம திண்டுக்கல் வெயிலுக்கு அதெல்லாம் எவன் விக்கிறான்?"

"அதை ஏன் கேக்குறீங்க! பஸ் ஸ்டாண்டு பூரா அலைஞ்சேன். எல்லாம் கொடைக்கானல் போறவன் ரெண்டு நாள் போட்டுட்டு வீசுற சரக்கு. இழுத்தா நூல் கையோட வருது. கடைசியில நாகல் நகர்ல, மெஹராஜ் பாய் கடையில கெடச்சுது. அசல் கம்பளி. உள்பக்கம் திருப்பினாலும் தையல் தெரியாது. அந்தக் குடும்பத்துல போட்டோவைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்ப்பாங்க. மட்டமானதை வாங்க முடியுமா?"

செபாஸ்தியம்மாள் புண்ணைக் கழுவிக்கொண்டே தலையை ஆட்டினார். "பெத்த பிள்ளைகூட இம்புட்டு அலைய மாட்டான் சார்."

"இவருக்கு நானே போட்டுவிட்டேன். போட்டோ எடுத்தேன். அப்புறம் காலர்ல கை வச்சேன், லபக்குன்னு கவ்விட்டார்."

"கழட்ட மாட்டேன்னுதான் சொன்னேன் தாயி," என்றார் மொக்கைச்சாமி.

"கேளுங்க! குளிக்கக்கூடக் கழட்ட மாட்டாராம்."

நர்ஸ் சிரித்துவிட்டார். பிறகுதான் கேட்கத் தோன்றியது. "அது எங்க இப்ப? இப்படி நடுங்குறாரே."

"காலர்ல என் ரத்தம் பட்டுடுச்சு. சந்தனக் கலர் பாருங்க, உடனே கழட்டித் துவைக்கப் போட்டாச்சு."

கட்டுப் போட்டு, டி.டி. ஊசியும் போட்டாயிற்று. கிளெமென்ட் குரலைத் தாழ்த்தினார்.

"இனிமே இவரை வச்சுக்க முடியாது சிஸ்டர். சாயங்காலம் பழனியில கொண்டுபோய் விட்டுடலாம்னு இருக்கேன். கோயில்ல அன்னதானம் போடுறாங்க. நாளைக்கு எவனாவது கேட்டா, நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"தாராளமாச் சொல்றேன். கடிக்கிற ஆளை மத்தவங்களோட எப்படி வச்சிருப்பீங்க? நான் சாட்சி."

தாழ்த்திய குரல் பெரியவர் காதில் விழுந்துவிட்டது.

"எனக்கு அங்கன யாரும் இல்ல தாயி."

"இங்கன மட்டும் யாரு இருந்தா? இருந்த ஒருத்தரையும் கடிச்சு வச்சீரு."

மொக்கைச்சாமி துண்டை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டு இருமினார்.

"மத்தவங்க எம்புட்டுச் சந்தோஷமா இருக்காங்கன்னு நீங்களே பாருங்க," என்று கிளெமென்ட் இடது கையால் போனை நீட்டினார். "தள்ளிக்கிட்டே போங்க."

முதல் படம் மொக்கைச்சாமி. சந்தன நிற ஸ்வெட்டரில், கறையில்லாத காலருக்கு மேலே, மூன்று பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாரையும் கடிக்கிறவராகத் தெரியவில்லை.

அடுத்தது பொம்மையன். அவருக்குத் தோள் இறுக்கமாக இருந்தது. அதற்கடுத்தது கண்ணுசாமி. அவருக்கு விரல்நுனி வரை கை மூடியிருந்தது.

இவ்வளவு சொன்னாரே, அந்தத் தையல்தான் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று செபாஸ்தியம்மாள் படத்தைப் பெரிதாக்கினார்.

காலரின் இடப்பக்கம், ஈரத்துணியால் துடைத்தும் போகாமல், புளியங்கொட்டை அளவில் ஒரு பழுப்புக் கறை.

பொம்மையன் படத்துக்குத் திரும்பினார். அதே இடத்தில் அதே கறை. முன்னால் தள்ளினார். இன்னொரு பெரியவர், அதே இடம். இன்னொருவர், அதே இடம். துவைக்கப் போட்டதாகச் சொன்ன ஸ்வெட்டர், ஆள் மாற்றி ஆள்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆளுக்கு ஒண்ணுன்னு பணம் வந்துச்சுன்னீங்க. எத்தனை சார் வாங்குனீங்க?"

கிளெமென்டின் சிரிப்பு அப்படியே நின்றது. "நேரமாச்சு சிஸ்டர். போனைக் குடுங்க. யோவ், எந்திரிச்சு வாய்யா."

மொக்கைச்சாமி எழுந்தார். போகச் சொன்ன இடத்துக்குப் போய்ப் பழகிய கால்கள்.

செபாஸ்தியம்மாள் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். கட்டிலில் கிடந்த போர்வையை உருவி, கழுத்து மறைய அவருக்குப் போர்த்திவிட்டார். பெரியவர் போர்வையின் ஓரத்தை மூன்று பல்லாலும் கவ்விக்கொண்டார், இதையும் யாரும் கழற்றிவிடாதபடி.

நர்ஸ் போனைத் தன் வெள்ளைக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உக்காருங்க சார். சாட்சி சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்ல? சொல்லிட்டுத்தான் போனைத் தருவேன்."