பாட்டரி இறங்கிய காரணம்

மெக்கானிக் மொய்னுதீன் டாக்டரம்மாவின் கார் பாட்டரியில் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"டைனமோ நல்லாத்தான் சார்ஜ் பண்ணுது, சூசைநாதா. யாரோ ஓயாம ஸ்டார்ட்டரை அமுக்குறாங்க. வண்டி பழகுறவங்க கைதான் இப்படிப் பாட்டரியை இறக்கும்."

டிரைவர் சூசைநாதனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி அகஸ்டினா அதைக் கேட்டுவிட்டாள். அவர் வீடு வந்ததும் வெடித்தாள்.

"டாக்டர் மதாமுக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கிறீங்களா?"

"ஆமா."

"பக்கத்துல உக்காந்து, கையப் புடிச்சா? என்னை ஒருநாள் அந்த வண்டியில ஏத்தியிருப்பீங்களா?"

சூசைநாதன் தலைகுனிந்தார்.

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, அகஸ்டினா. மதாம்தான் சோதிச்சுப் பாத்தாங்க. 'இனிமே நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல உக்காரு, உன் வேலை போகாது'ன்னாங்க."

மறுநாள் காலை, அகஸ்டினா கணவனைக் கைபிடித்து மதாம் வீட்டுவாசல்வரை அழைத்துப்போனாள்.