நாலு பேரும் பிழைத்த ஆட்டம்

“கதவை மூடாதே! மூடினே, கொன்னுடுவேன்!” என்று ஹெட்போனில் கத்தினாள் சில்வண்டு.

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பாலிடெக்னிக்கின் கணினி அறையில் இருபது பேர் பெரிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடுகிறவர்கள் நாலு பேர். இருவர் இங்கே, சில்வண்டு என்ற புனைபெயரில் ஆடுகிறவளும் இன்னொருத்தியும் வேறு ஊர்க் கல்லூரிகளில். தொழிற்சாலைப் பாதுகாப்புப் பாடத்துக்காக வாத்தியாரே உருவாக்கிய இணைய விளையாட்டு அது.

ஐந்தாம் கட்டம். ஒரு குளிர்பதனக் கிடங்கு. நிலவறையில் அம்மோனியா குழாய் வெடிக்கும். நால்வரில் ஒருவர் கீழே வால்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். மேலே கூடத்தில் முப்பத்திரண்டு பெண்கள் மீன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். வாயு படியேறி வர மூன்று நிமிடம். படியின் உச்சியில் ஓர் இரும்புக் கதவு.

மூடினால் மேலே இருப்பவர்கள் பிழைப்பார்கள். கீழே இருப்பவர் அவ்வளவுதான்.

ஏழு வருடமாக வந்த குழுக்களில் பாதி கதவை மூடின. மூடத் தயங்கியவர்கள் எல்லோரையும் பறிகொடுத்தார்கள். வேறு வழியே கிடையாது என்று ஒத்துக்கொள்வதும் பொறியியல்தான் என்பார் வாத்தியார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தெளிந்துவிடும்.

சில்வண்டு கதவுப் பக்கமே போகவில்லை. கூடத்துச் சுவரிலிருந்த மின்பெட்டிக்கு ஓடினாள். நிலவறை ஃபேனை நிறுத்தினாள். மூன்று வயர்களில் இரண்டைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினாள். மறுபடி ஓடவிட்டாள்.

அதுவரை வெளிக்காற்றைக் கீழே ஊதி, வாயுவைப் படி வழியாக மேலே தள்ளிக்கொண்டிருந்த ஃபேன் தலைகீழாகச் சுற்றியது. வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேலே துப்பியது.

இருமிக்கொண்டே படியேறி வந்தது கீழே இருந்த பொம்மை.

ஐம்பது நொடி.

அறை இரண்டுபட்டது. “இவ்ளோதானா சார்? இதுக்கா ஏழு வருஷம் எல்லாரும் முழிச்சாங்க?” என்றான் முன்வரிசைக்காரன்.

வாத்தியார் சிரிக்கப் பார்த்தார். சில்வண்டுக்கு முழு மதிப்பெண் போட்டார். எண் இரண்டு தடவை தப்பாக விழுந்தது.

வராந்தாவுக்கு வந்து தங்கைக்கு போன் போட்டார்.

எட்டு வருடத்துக்கு முன்னால், ஆட்டத்தில் அவர் அப்படியே நகலெடுத்த நிஜமான அந்தக் கிடங்கில், அன்றைய ஷிப்ட் இன்ஜினியர் அவர்தான். கதவை மூடியவரும் அவர்தான். மின்பெட்டி அவர் கைக்கு நாலடி தூரத்தில் இருந்தது. கீழே இருந்தது தங்கையின் கணவர்.

வேறு வழியே இல்லையம்மா என்று அன்றைக்கு அவர் சொன்னதைப் பற்றித் தங்கை இன்றுவரை ஒரு வார்த்தை கேள்வி கேட்டதில்லை.

“சொல்லுண்ணா,” என்றாள் அவள். “சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்மா,” என்றார்.