வாய் மூடியிருந்தது

விசைத்தறிக் கூடத்து இரைச்சலில் யாரும் காதால் பேச்சுக் கேட்பதில்லை. எதிராளியின் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். ஒரு மாதமாகப் பக்கத்துத் தறி நாச்சிமுத்துவின் வாய் செங்கோடனிடம் ஒன்றைத்தான் சொன்னது: "தொலைஞ்சு போடா." குரல்கூடக் கேட்டது. கூடவே சோறு தின்ற கூட்டாளி! செங்கோடனுக்குத் தூக்கம் போயிற்று. இன்றைக்குச் சட்டையைப் பிடித்துக் கேட்டே விடுவதென்று கிட்டே போய் நின்றான். அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தறிகள் அத்தனையும் நின்றன. அறுந்த இழையைப் பல்லில் கடித்திருந்த நாச்சிமுத்துவின் வாய் இறுக மூடியிருந்தது.

"தொலைஞ்சு போடா" என்றது குரல்.

"நீயா பேசுன?"

நாச்சிமுத்து இழையைத் துப்பினான். "நூல வாயில வெச்சுக்கிட்டு எப்படிறா பேசறது? என்ன, பேயறைஞ்சவனாட்ட நிக்கற?"

இவனில்லை. நெஞ்சிலிருந்து பாறாங்கல்லைப் புரட்டிப் போட்டாற்போல இருந்தது. செங்கோடன் நூல் மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். குரல் விடவில்லை.

"மாப்ள, எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. எவனோ பேசறான், ஆளக் காணோம்."

"இப்பவுமா?"

"இப்பவுந்தான்."

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. ஆணியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டினான்.

"எந்திரி, டாக்டர்கிட்டப் போலாம். அந்தப் பேசறவனையும் கூட்டிக்க."

செங்கோடன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.