மிச்சம் வைக்கும் வேலை

மிச்சச் சாப்பாட்டைத் தானம் செய்யாத ஓட்டலை இழுத்து மூடலாம் என்று சட்டம் வந்ததிலிருந்து, தட்டை வழித்து நக்கிவிட்டுப் போகும் வாடிக்கையாளர்கள் முதலாளிகளுக்குப் பெரிய தலைவலியாகிவிட்டார்கள். அதனால்தான் பாளையங்கோட்டை ஓட்டல் ஒன்றில் இசக்கியம்மாளுக்கு வேலை கிடைத்தது. ஏசி அறையில் உட்கார்ந்து, வேண்டியதை வரவழைத்து, வாயில் வைக்காமல் எழுந்து வர வேண்டும். ஆறி விறைத்துப்போன அந்த மிச்சத்தைச் சாயங்காலம் வண்டி அவள் தெருவுக்கே கொண்டுவந்து தானம் செய்யும்.

"ஏட்டி, இன்னைக்குப் பூரி சொல்லு," என்று காலையில் எதிர்வீட்டுச் சுடலி சொல்லி அனுப்பினாள்.

மேசை நிறையப் பூரி வந்தது. புஸ்ஸென்று உப்பி நின்ற ஒன்றை, பூரியைக் கண்டால் எல்லோரும் செய்வதுபோல, இசக்கியம்மாள் விரலால் குத்தினாள். ஆவி சுட்டது. சுட்ட விரலை வாயில் வைத்தாள். அவ்வளவுதான், மேசை காலி.

மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னம்மா இது, ஓட்டல்ல வந்து சாப்பிடலாமா?"

சாயங்காலம் வண்டி காலியாக வந்து நின்றது. "எவளோ எல்லாத்தையும் தின்னுட்டாளாம்," என்றார் டிரைவர். தெருவே திரண்டு மண்ணை வாரித் தூற்றியது. "வெளங்குவாளா அவ! அவ வயித்துல இடி விழ!" என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவள் இசக்கியம்மாள்தான்.

கத்தி முடித்த வாயிலிருந்து பெரிய ஏப்பம் ஒன்று, கிழங்கு மசால் வாசனையோடு வந்தது.

தெருவே அவளைத் திரும்பிப் பார்த்தது. சுடலி மெல்ல நெருங்கி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி... சூடாவா இருந்துச்சு?"