வரிக்கல்

நனைந்த வேட்டியைத் தலைக்கு மேல் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

துவைக்கிற கல்லில் வரிகள் இருந்தன.

வேட்டியை வாளியில் போட்டாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து நுரையைக் கையால் வழித்தாள்.

ஒன்றரை அடி அகலம். நடுவில் சுண்டுவிரல் நுனியாகத் தொடங்கி, சுற்றிச் சுற்றிப் பெருத்து, விளிம்பில் வந்து நிற்கிற சுருள்.

அம்மோனைட். கல்லாகிப்போன கடல் உயிரின் ஓடு. பேரினம், பாக்கிடிஸ்கஸ்.

அவள் நிலவியல் படித்த கல்லூரியில் இதன் உடைந்த துண்டு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். இவை மண்ணுக்குள் கிடைக்கிற அரியலூர்ப் பக்கம் மாப்பிள்ளை என்றதும் போட்டோவைப் பார்க்காமலே தலையாட்டியவள் அவள்.

கல்யாணமாகி இன்று நான்காம் நாள். மாமியார் கொடுத்த முதல் வேலை இது.

"ஏம்மா, துவைக்கத் தெரியாதா?"

மாமியார் கொல்லை வாசலில் நின்றாள்.

"தெரியும் அத்தை. இது மேல அடிக்க மனசு வரல."

"கல்லுக்கு வலிக்குமாக்கும். நான் வாக்கப்பட்டு வந்த வருஷம் ஓடையிலேர்ந்து உருட்டியாந்தது. முப்பத்தோரு வருஷமா அடி வாங்குது. பக்கத்து வீட்டு அஞ்சலாட்சிகூட வேட்டின்னா இங்கதான் தூக்கியாருவா. வரி இருக்குல்ல, அழுக்கு நல்லாப் போவும். இப்பத்தான் தேஞ்சிபோச்சு."

முப்பத்தோரு வருடம்.

அதற்கு முன் ஏழு கோடி வருடம் தேயாமல் கிடந்தது.

அவள் போய்க் கடப்பாரையை எடுத்துவந்தாள். மாமியாரும் ஒரு கை கொடுத்தாள்.

கல் புரண்டது.

இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். மண் கரைந்து ஓடியது.

அடிப்பக்கத்தில் ஒரு வரிகூடத் தேயவில்லை. வரிகளுக்குக் குறுக்கே, இலை நரம்பு மாதிரி நெளிநெளியாகக் கோடுகள்.

மாமியார் குனிந்து தடவினாள்.

"அட, புதுசாவே இருக்கே. இன்னும் முப்பது வருஷத்துக்குக் கவலையில்ல."

வேட்டியை எடுத்துத் தூக்கினாள்.

காட்டியிருக்கவே கூடாது.

"அத்தை, இருங்க. இங்க கடல் இருந்தப்ப இதுக்குள்ள ஒரு உசுரு குடியிருந்துச்சு. வளர வளர இடம் பத்தாது. முன்னால ஒரு ரூம் கட்டிக்கிட்டுப் பழசை அடைச்சிடும். இந்தக் கோடெல்லாம் அது வச்ச சுவரு."

வேட்டி இறங்கவில்லை. தண்ணீர் மாமியாரின் முழங்கை வழியாகச் சொட்டியது.

"எத்தினி ரூமு?"

இருவரும் குனிந்து எண்ணினார்கள். மாமியார் இரண்டு முறை தவறவிட்டாள். விரலை வைத்து மறுபடி முதலிலிருந்து வந்தாள்.

பதினேழு.

"அத்தினியும் ஒண்டியாவா கட்டுச்சு?"

"ஒண்டியாத்தான்."

மாமியார் கோட்டிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டாள். வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

குரல் மட்டும் கேட்டது.

"அஞ்சலாட்சி, உன் கல்லக் கொஞ்சம் குடு. எங்க கல்லுல ஆளு இருக்குது."